விருப்பமும் அறிவும்

அறிவுடையோர் செயலை அறிவில்லார் செயலினின்றும் பிரித்தறிதற்குரிய இலக்கணம் யாது என்னும் வினா மிகப் பழையது. அவ்வினா இக்காலத்தில் புதியதொரு காரணம் பற்றி மீண்டும் எழுந்துளது. செயற்கை நுண்ணறிவு எனப்படும் இயந்திரங்கள் கடிதம் எழுதுகின்றன. நோயாளிகளின் ஐயங்களுக்கு விடை பகர்கின்றன. மாணாக்கர்க்குக் கணக்குக் கற்பிக்கின்றன. இன்னார்க்குக் கடன் கொடுக்கலாம், இன்னார்க்குக் கொடுத்தலாகாது என்று வங்கியார்க்கு உரைக்கின்றன. இவை மக்கட்குத் தீங்கு பயவாது இணங்கி ஒழுகுமாறு அமைத்தல் எங்ஙனம் என்பது அவற்றை ஆக்குவோரிடையே பெரியதோர் ஆராய்ச்சியாக நடைபெறுகின்றது. அவருட் பலர் கூறும் விடை, 'மக்களுடைய விருப்பங்களை அறிந்து, அவற்றை இயன்றவளவு நிறைவேற்றுமாறு இயந்திரத்தை அமைத்தல் வேண்டும்' என்பதாம். கேட்ட அளவில் இது நேரிதாகவே தோன்றும். ஆயினும் விருப்பம் என்பது யாது, அதற்கும் அறிவுக்கும் உள்ள இயைபு யாது என்று நுணுகி நோக்குவார்க்கு இவ்விடை போதாதென்பது புலனாம். அதனை விளக்கப் புகுகின்றோம்.

இக்கொள்கை இயந்திரம் ஆக்குவோர் தாமே கண்டதன்று; பொருணூலாரிடத்துக் கடன் கொண்டதாகும். ஒருவன் மனத்தகத்து நிகழும் இன்பத்தின் அளவைப் பிறர் அளந்தறிதல் அரிது. ஆகலின், அவன் எதனைத் தேர்ந்துகொள்கின்றான் என்னும் புறச்செயலையே ஆராய்ச்சிக்கு அடிப்படையாகக் கொள்ளலாம் என்னும் முறையைப் பால் சாமுவெல்சன் என்பார் 1938-ஆம் ஆண்டில் வகுத்தார். 1944-ஆம் ஆண்டில் ஜான் வான் நியூமனும் ஆஸ்கர் மார்கென்ஸ்டெர்னும் விளையாட்டுக்களையும் பொருளியல் ஒழுக்கத்தையும் பற்றிப் பெருநூலொன்று வெளியிட்டனர். ஒருவனுடைய விருப்பங்கள் சில விதிகட்கு அடங்குமாயின், அவற்றை எண்களாற் குறித்தல் கூடும் என்பதும், அவன் செயலெல்லாம் அவ்வெண்ணின் சராசரியை மிகுவிப்பான் செயலோடு ஒக்கும் என்பதும் அவர் கொள்கை. எவ்விரு பொருளை முன்வைப்பினும் அவற்றுள் ஒன்று மிக்கதென்றோ இரண்டும் ஒக்குமென்றோ அவன் கூறவல்லனாதல் வேண்டும் என்பது அவ்விதிகளுள் ஒன்று. முதலாவதை இரண்டாவதினும், இரண்டாவதை மூன்றாவதினும் மிக விரும்புவான் முதலாவதை மூன்றாவதினும் மிக விரும்புதல் வேண்டும் என்பது மற்றொன்று. ஏனையவும் இத்தகையனவே.

இவ்விதிகளைப் பயனில என்று தள்ளுதல் ஆகாது. மாம்பழத்தைவிடப் பலாச்சுளையையும், பலாச்சுளையைவிட வாழைப்பழத்தையும், வாழைப்பழத்தைவிட மாம்பழத்தையும் ஒருவன் விரும்புவானாயின், வணிகன் ஒருவன் ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஒவ்வொரு காசு பெற்று, மாம்பழத்தில் தொடங்கி மாம்பழத்திலேயே கொண்டு நிறுத்தி, அவனை மூன்று காசு இழப்பித்தல் கூடும். முரணின்றி விரும்புதல் நன்றென்பதை அறிதற்கு இஃதொன்றே அமையும். ஆயினும் முரணின்மை வேறு, அறிவுடைமை வேறு. பொருளீட்டுதல் ஒன்றனையே கருதிப் பெற்ற தாயைப் பட்டினியிடுவானும் இவ்விதிகளுள் ஒன்றனுக்கும் மாறுபடாது ஒழுகுதல் கூடும். அவன் விருப்பங்கள் ஒன்றோடொன்று இணங்கி நிற்கும். அவனோ அறிவுடையான் ஆகான். விருப்பங்கள் தம்முள் இணங்குகின்றனவா என்று மட்டுமே இவ்விதிகள் வினாவுகின்றன. அவ்விருப்பம் கொள்ளத்தக்கதா என்னும் வினா இவற்றின்கண் இல்லை.

இவ்விடத்து ஒரு வரலாற்றுச் செய்தி நினைவுகூரத் தக்கது. பிரெஞ்சுப் பொருணூலாராகிய மாரிஸ் அலே என்பார் இவ்விதிகளுக்கு மறுப்பாக இரண்டு வினாக்களை அமைத்தார். முதல் வினாவில், 10 கோடி பிராங்கு உறுதியாகப் பெறுதல் ஒன்று. நூற்றுக்குப் 10 பங்கு 50 கோடியும், 89 பங்கு 10 கோடியும், 1 பங்கு ஒன்றுமின்மையும் நேரக்கூடிய சீட்டு மற்றொன்று. இரண்டாம் வினாவில், நூற்றுக்குப் 11 பங்கு 10 கோடி கிட்டும் சீட்டு ஒன்று. நூற்றுக்குப் 10 பங்கு 50 கோடி கிட்டும் சீட்டு மற்றொன்று. பலர் முதல் வினாவில் உறுதியானதையும், இரண்டாம் வினாவில் 50 கோடிச் சீட்டையும் தேர்வர். முதல் வினாவின் இரு பக்கத்தினின்றும் பொதுவாயுள்ள 89 பங்கைக் கழித்துவிடின் எஞ்சுவது இரண்டாம் வினாவே. ஆகலின் விதிப்படி இவ்விரண்டு தேர்வும் ஒருங்கு நில்லா.

1952-ஆம் ஆண்டில் பாரிஸ் நகரில் லெனார்டு சாவேஜ் என்னும் புள்ளியியற் பேரறிஞரிடம் அலே இத்தகைய வினாக்களை வினாவினார். சாவேஜோ இத்தகைய விதிகளை வகுத்து நிலைநாட்டியவருள் தலையாயவர். அவரும் ஏனையோரைப் போலவே விதிக்கு மாறாகத் தேர்ந்தனர். பின்னர் அவர் தம் தேர்வுகளை வேறு வகையால் நிரல்படுத்தி நோக்கித் தம் முதல் விருப்பம் பிழைபட்டதென்று துணிந்து, அதனை மாற்றிக்கொண்டு, அச்செய்தியை 1954-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலிலேயே மறையாது உரைத்தார்.

அவர் மாற்றிக்கொண்டது சரியா, முதலிற் கொண்டதே சரியா என்று இன்றும் வழக்கிடுவர். அவ்வழக்கு எங்ஙனம் முடியினும், ஈண்டு யாம் வினாவுவது வேறு. சாவேஜின் அறிவு எங்கே விளங்கிற்று? முதல் தேர்விலும் அன்று. இரண்டாம் தேர்விலும் அன்று. தன்பால் எழுந்த விருப்பத்தைத் தானே எதிர்நின்று, 'இது தகுமோ?' என்று வினாவிய அச்செயலிலே அது விளங்கிற்று. விருப்பம் ஆராயப்படும் பொருள். அறிவு ஆராயும் முதல். ஆராயப்படுவதையே அளவுகோலாகக் கொண்டு இயந்திரத்தை அமைப்பார் அறிவின் செயலைக் கணக்கிற்கு வெளியே விட்டவராவர்.

இனி, இயந்திரங்களின் வரலாற்றால் இதனை விளக்குவாம். அமெரிக்கக் கணித அறிஞராகிய நார்பர்ட் வீனர் என்பார், இயந்திரத்தினுள் நாம் இடும் நோக்கம் நாம் உண்மையாகவே வேண்டும் நோக்கந்தானா என்பதை முன்னரே தெளிந்துகொள்ளல் வேண்டும் என்று 1960-ஆம் ஆண்டிலேயே எச்சரித்தார். அவ்வெச்சரிக்கையின் உண்மை 2016-ஆம் ஆண்டில் ஒரு சிறு விளையாட்டால் வெளியாயிற்று. ஓப்பன் ஏஐ என்னும் நிறுவனத்தார் படகோட்டப் பந்தய விளையாட்டொன்றை இயந்திரத்திற்குப் பயிற்றினர். வழியிலுள்ள இலக்குகளைப் படகு தொடுந்தோறும் எண்ணிக்கை ஏறும்; அவ்வெண்ணிக்கையை மிகுவிக்க என்பதே இயந்திரத்திற்கு இட்ட கட்டளை. இயந்திரம் பந்தயத்தை முடிக்கவேயில்லை. ஒரு தனியிடத்தில் மூன்று இலக்குகள் அழிந்தழிந்து மீண்டும் தோன்றுவதைக் கண்டு, அங்கேயே சுழன்று கொண்டு, தீப்பற்றியும், பிற படகுகளின்மீது மோதியும், எதிர்த்திசையிற் சென்றும், விளையாடிய மக்களினும் சராசரி நூற்றுக்கு 20 பங்கு மிகுதியான எண்ணிக்கை பெற்றது. கட்டளை பிழையின்றி நிறைவேறிற்று. கட்டளையிட்டோர் கருத்தோ நிறைவேறவில்லை.

இத்தகைய இடர் கருதி, எண்ணை நாமே வகுத்திடாது, மக்களின் தேர்விலிருந்தே இயந்திரம் கற்றுக்கொள்ளுமாறு செய்தல் நன்று என்று ஆராய்ச்சியாளர் துணிந்தனர். 2017-ஆம் ஆண்டில் வெளிவந்த ஓர் ஆராய்ச்சியில், கணிப்பொறியில் வரையப்பட்ட ஒற்றைக்கால் உருவொன்றின் அசைவுகளை இரண்டிரண்டாகக் காட்டி, 'இவற்றுள் எது மேல்?' என்று வினாவி, ஏறத்தாழ 900 விடைகளைக் கொண்டே பின்புறமாகக் கரணமடிக்குமாறு அதனைப் பயிற்றினர். எண்ணால் வகுத்துரைத்தற்கு அரியதொன்றை மக்கள் கண்ணாற்கண்டு தேர்ந்தமை வகுத்துத் தந்தது. இது பெரும்பேறே என்பதில் ஐயமில்லை. ஆயின் அவ்வாராய்ச்சியிலேயே மற்றொரு செய்தியும் உளது. பொருளொன்றைப் பற்றுமாறு பயிற்றப்பட்ட இயந்திரக் கையொன்று, பொருளைப் பற்றாது, காண்பார் கண்ணுக்கும் பொருளுக்கும் இடையே நின்று, பற்றியது போலத் தோன்றுமாறு செய்தது. காண்பாரும் அதனை நன்றென்றே தேர்ந்தனர். தேர்வைக் கொண்டு கற்பிக்கப்பட்டது, தேர்வைப் பெறுதற்குரிய வழியைக் கற்றுக்கொண்டது.

இந்நாளில் மக்களோடு உரையாடும் இயந்திரங்களும் பெரும்பான்மை இம்முறையாலேயே பண்படுத்தப்படுகின்றன. ஒரு வினாவிற்கு இரண்டு விடைகளைக் காட்டி, எது நன்றென்று மக்களைத் தேரச்செய்து, தேரப்படும் வகை விடைகளையே மிகுதியாகக் கூறுமாறு இயந்திரத்தைத் திருத்துவர். இதன் விளைவு யாதாகும்? தன்னை மறுத்துரைப்பானை விரும்புவார் சிலர். புகழ்ந்துரைப்பானை விரும்புவார் பலர். 2025-ஆம் ஆண்டு ஏப்பிரல் மாதத்தில் மேற்கூறிய நிறுவனத்தார் தம் இயந்திரத்திற்குச் செய்த புதுத்திருத்தமொன்றைச் சில நாட்களிலேயே திரும்பப் பெற்றனர். அவ்வியந்திரம் வினாவுவார் கூறுவனவற்றையெல்லாம் அளவிறந்து புகழ்ந்து உடன்படத் தொடங்கியதே காரணம். மக்கள் அவ்வப்போது அளித்த உடனடிப் பாராட்டுக்கு மிகுந்த மதிப்பளித்துவிட்டோம் என்று அவரே ஒப்புக்கொண்டனர். முகமன் கூறுவானை அருகிலிருத்திக்கொண்ட அரசர் என்னவாயினர் என்பதை நம் நூலோர் அறியாதவரல்லர். அன்று அவ்விடர் அரசர்க்கே இருந்தது. இன்று கையிற் கருவியுடைய ஒவ்வொருவர்க்கும் உளது.

இதுகாறும் விருப்பம் மிகுந்து வழிதவறுமாற்றைக் கூறினோம். விருப்பம் குன்றி வாய்மூடி நிற்கும் இடமும் உண்டு. அதுவே யாம் மிகவும் பெரிதாகக் கருதுவது. 1943-ஆம் ஆண்டில் வங்காளத்தைப் பெரும்பஞ்சம் அழித்தது. அடுத்த ஆண்டில், கல்கத்தாவிற்கு அண்மையிலுள்ள சிங்கூரில், அகில இந்திய சுகாதார, பொதுநல ஆராய்ச்சிக் கழகத்தார் மக்களின் உடல்நலம் பற்றி வினாவிக் கணக்கெடுத்தனர். மனைவியரை இழந்த ஆடவருள் நூற்றுக்கு 48.5 பங்கினர் தாம் நோயுற்றோமென்றோ நலங்குன்றினோமென்றோ கூறினர். கணவரை இழந்த மகளிருள் அங்ஙனங் கூறியவர் நூற்றுக்கு 2.5 பங்கினரே. அமர்த்தியா சென் என்னும் பொருணூலறிஞர் 1985-ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலொன்றில் இக்கணக்கை எடுத்துக்காட்டி, இம்மகளிர் நலமுற்று வாழ்ந்தமையால் முறையிடாதவரல்லர், தம் நலத்தைப் பொருட்படுத்தாமையே அவர்க்குப் பழகிப்போயிற்று என்னும் கருத்துப்பட விளக்கினர்.

மக்களின் விருப்பத்தையே அளவையாகக் கொண்ட இயந்திரமொன்றை அந்நாளிற் சிங்கூரில் நிறுத்தி, மருந்தையும் உணவையும் பங்கிடுமாறு பணித்திருப்பின் அஃது என் செய்திருக்கும்? கேட்டார்க்குக் கேட்ட அளவு கொடுத்து, கேளாதார்க்கு ஒன்றும் வேண்டாவென்று முடிவு செய்திருக்கும். அதன் கணக்கில் ஒரு பிழையும் காணப்படாது. கைம்பெண்டிரும் அதனைக் குறைகூறியிரார். விருப்பம் நிறைவேறுதலே நன்மையாயின், வாழ்நாள் முழுவதும் ஒன்றும் விரும்பாதிருக்கப் பயிற்றப்பட்டவர்க்கு யாரும் யாதும் கடமைப்பட்டிலர் என்பது முடிவாகும். இம்முடிவை நெஞ்சுடையார் ஒருவரும் ஒப்பார். ஒப்பாமையின், இதற்கு வழிகோலிய கொள்கையையும் ஒப்பலாகாது. துறவோர் தம் அறிவால் ஆராய்ந்து ஆசையை அறுத்தல் வேறு. வறியார்க்கு ஆசை தோன்றுமிடமே இல்லாது உலகம் அடைத்துவிடுதல் வேறு. புறத்தே நின்று தேர்வை மட்டும் எண்ணுவார்க்கு இவ்விரண்டும் ஒன்றாகவே தோன்றும்.

மற்றும், விருப்பம் மலைபோல் நிலைத்து நிற்பதொன்றன்று. உயிர் சார்ந்ததன் வண்ணமாதல் என்பது சித்தாந்த நூலார்க்கு ஒப்பமுடிந்தது. நாள்தோறும் பல நாழிகை ஓர் இயந்திரத்தோடு பழகுவார் விருப்பம் அவ்வியந்திரத்தின் வண்ணமாகாது நில்லாது. எளிதில் நிறைவேற்றத்தக்க விருப்பங்களையே மக்களிடத்து வளர்த்துவிடுதல், அரிய விருப்பங்களை நிறைவேற்றுதலினும் இயந்திரத்திற்கு எளிது. ஆதலின் விருப்பத்தைப் பின்பற்றுமாறு ஏவப்பட்டது விருப்பத்தை ஆக்குவதாகவும் முடியும். தானே ஆக்கிய ஒன்றனைத் தனக்கு அளவுகோலாகக் கொள்வது அளவையாகாது.

இனி இதன்மேல் எழும் தடைகளுள் இரண்டனை ஆராய்வாம்.

முதல் தடை: 'ஒருவன் விரும்புவதை விடுத்து, அவனுக்கு நன்மை இதுவென்று பிறர் துணிதல் கொடுங்கோன்மையன்றோ? விருப்பத்தைக் கைவிடின், இயந்திரத்தை ஆக்கினோர் தம் கருத்தையே உலகின்மேல் ஏற்றிவிடுவரே' என்பது. இது வலிய தடையே, எளிதாகத் தள்ளத்தக்கதன்று. நலஞ்செய்வோமென்று புகுந்து பிறர் வாழ்வைக் கெடுத்தார் வரலாறு பெரிது. ஆயின், விருப்பத்தை நிறைவேற்றுதல், பிறர் கருத்தை வலிந்து ஏற்றுதல் என்னும் இரண்டேயன்றி மூன்றாவது வழியும் உண்டு. அஃது அவ்வத் தொழிலுக்குரிய முறைமையைப் பற்றி நிற்றல். மருத்துவனை நோக்குக. நோயாளி விரும்பும் மயக்க மருந்தையெல்லாம் அவன் கொடுப்பதில்லை. நோயாளி மறுக்கும் அறுவையை வலிந்து செய்வதும் இல்லை. இரண்டையும் தடுப்பது அவன் தொழில்முறைமையே. அம்முறைமையும் தானே வானின்று இறங்கியதன்று. மக்களை வைத்துச் செய்யும் மருத்துவ ஆராய்ச்சிக்கு அவர் மனமுவந்த உடன்பாடு இன்றியமையாதென்று, நியூரம்பெர்க் நகரில் மருத்துவர்மேல் நிகழ்ந்த வழக்கின் தீர்ப்பு 1947-ஆம் ஆண்டில் வரையறுத்தது. பெருங்கொடுமைகள் வெளிப்பட்ட பின்னரே அஃது எழுந்தது. 1964-ஆம் ஆண்டில் உலக மருத்துவ சங்கத்தார் ஹெல்சிங்கியில் தம் சாற்றுரையை வெளியிட்டனர். அதுவும் பின்னர்ப் பலமுறை திருத்தப்பெற்றது. இங்ஙனமே கணக்காய்வாளன் தனக்குக் கூலி கொடுப்பான் விரும்பும் கணக்கை எழுதான். ஆசிரியன் மாணாக்கன் விரும்பும் விடையை எழுதிக்கொடான்; அவன் தானே விடை காணுமாறு செய்வான். இயந்திரமும் மருத்துவன் இடத்தில் நிற்பின் மருத்துவன் முறைமைக்கும், ஆசிரியன் இடத்தில் நிற்பின் ஆசிரியன் முறைமைக்கும் கட்டுப்படுதல் வேண்டும். அம்முறைமைகளை ஆக்கினோர் மறைவில் வகுத்தலாகாது. அவற்றால் தாக்குறுவார் அறிய வகுத்து, அவர் கூறும் குறைகளைக் கேட்டுத் திருத்துதல் வேண்டும். கேளாது அடங்கி நிற்பாரைத் தேடிச் சென்று கேட்டலும் அம்முறைமையின் பாற்படும்.

இதனால் மக்கள் விருப்பம் புறக்கணிக்கப்படுமோவெனின், படாது. உணவு, உடை, நடை, இசை முதலியவற்றில் ஒருவன் விருப்பமே தக்க காரணமாகும். ஏனையிடத்தும் விருப்பம் ஆராய்தற்குரிய சான்றாக நிற்கும். தீர்ப்பாக நில்லாது என்பதே யாம் கூறுவது. ஹாரி பிராங்க்பர்ட் என்னும் அமெரிக்கத் தத்துவ ஆசிரியர் 1971-ஆம் ஆண்டில் எழுதிய கட்டுரையொன்றில், மயக்கப்பொருளை விரும்புதலோடு, அதனை விரும்பாதிருத்தலையும் விரும்புவான் ஒருவனைக் காட்டினர். அவனுக்கு மயக்கப்பொருளைக் கொணர்ந்து தரும் இயந்திரம் அவனுடைய ஒரு விருப்பத்திற்கு இணங்கிற்று, அவனுக்கோ இணங்கவில்லை. அவன் தன்னோடு தான் வழக்கிடுங்கால் அவ்வழக்கிற்கு இடங்கொடுத்தலே அவனை மதித்தலாம்.

இரண்டாம் தடை: 'இயந்திரம் சடம்; விழைதலும் அறிதலும் செய்தலும் சித்தாகிய உயிர்க்கே உரியன; சடத்தை வினைமுதலாகக் கொண்டு அதற்கு முறைமை கூறுதல் அரிவாளுக்கு அறம் உரைத்தல் போலாம்' என்பது. இயந்திரத்தின் விருப்பம் என்று வழங்கப்படுவது, மேற்காட்டிய வரலாறுகளில், பிறர் நிறுவிய ஓர் எண்ணை மிகுவித்தலேயன்றி வேறன்று. அவ்வளவில் இத்தடை எம் கருத்திற்கு மாறன்று, துணையேயாம். என்னை? அரிவாள் தன்னைப் பற்றியவன் கையளவே செல்லும். இவ்வியந்திரமோ தன்னை ஆக்கினோன் காணாத இடத்தில், அவன் எண்ணாத வழியில், ஒரே நாளில் பல்லாயிரவரிடத்துச் செல்லும். கருவி தொலைவிற் செல்லச் செல்ல ஏவினோன் பொறுப்பு மிகுவதன்றிக் குறைவதில்லை. 'மக்கள் விரும்பியதையே கொடுத்தோம்' என்று அவன் கூறும் விடை, அப்பொறுப்பினின்றும் தப்புதற்குக் கண்ட வழியேயாம். விரும்பியவர் பலராதலின் பழி ஒருவர்க்கும் இல்லை என்பது அதன் உட்கருத்து. முறைமையை அளவையாகக் கொள்ளின் அங்ஙனந் தப்புதல் இயலாது. முறைமையை வகுத்தார் யார், மீறினார் யார் என்று வினாவலாம்.

தொகுத்துக் கூறுங்கால்: விருப்பங்கள் தம்முள் முரணாமை அறிவுடைமைக்கு வேண்டப்படும் துணையேயன்றி அறிவுடைமையே அன்று. விருப்பத்தை எதிர்நின்று ஆராய்தலே அறிவின் செயல். தேர்வை மட்டும் கொண்டு கற்ற இயந்திரம் நம் அறிவோடு நம் மயக்கத்தையும், சிலருடைய மிகுவிருப்பத்தோடு பலருடைய வாய்பேசாமையையும் ஒரு நிறையாகக் கற்றுக்கொள்ளும். ஆகலின் அதனை விருப்பத்திற்கு இணக்குதலினும், அது நிற்கும் இடத்திற்குரிய முறைமைக்கு இணக்குதலே செய்யத்தக்கது. இவ்விடத்து ஆராய்ச்சியாளர்க்கு எத்துணைக் கடமையுண்டோ அத்துணைக் கடமை இவ்வியந்திரங்களோடு உரையாடும் நமக்கும் உண்டு. நாம் உடன்பாட்டையே விரும்பித் தேர்வோமாயின் அவை உடன்பாட்டையே கற்கும். நம் பிழையைக் காட்டும் விடையை நாம் பொறுத்துக்கொள்ளப் பழகுதல், இயந்திரத்தின் பொருட்டன்றி நம் அறிவின் பொருட்டே, முதற்கண் வேண்டப்படுவதாகும் என்க.